பசி பேசாத நாட்கள்

ஜனவரி 19, ஞாயிறு

இன்று முதல் ஊசி. தொப்புளிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட வேண்டும். எழுதுகிற பேனை மாதிரி ஒரு சாமான். அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ராசிக் பக்கத்தில் நின்றார். பயந்தது அவர், நான் இல்லை.

பொரளையில் டொக்டர் எவ்லின் போன கிழமை சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "சீனி இப்பிடியே நிண்டா அஞ்சு வருசத்தில கண்ணும் கிட்னியும் பழுதாகும், மிசிஸ் ராசிக். விழுங்கிற குளிசை மட்டும் காணாது." எடை தொண்ணூற்றெட்டு கிலோ. வயது நாற்பத்தாறு. இனி ஒவ்வொரு ஞாயிறு காலையும் ஒரு ஊசி. மறக்காமல் இருக்க மகள் பர்ஹா என் போனில் மணி வைத்துத் தந்திருக்கிறாள்.

உம்மா தன் அறையிலிருந்தே கேட்டார்: "மகள், இது கொழுப்பக் கரைக்கிற ஊசியா?" சீனி வருத்தத்துக்கு என்றேன். ஆனால் நான் ஒத்துக்கொண்டது மெலியலாம் என்ற ஆசையில்தான். இங்கேயும் பொய் எழுதி என்ன பயன்?

ஜனவரி 23, வியாழன்

குமட்டல். பாடசாலையில் பாடத்தின் நடுவே இரண்டு தடவை வெளியே ஓடினேன். பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். நாற்பத்தாறு வயதில் வயிற்றில் பிள்ளை என்று அவர்கள் நினைப்பதற்கெல்லாம் நான் எங்கே போக!

பெப்ரவரி 6, வியாழன்

இன்று ஒன்று நடந்தது. நடந்தது என்று சொல்வதைவிட, நடக்கவில்லை என்று சொல்வதுதான் சரி.

பாடசாலை விட்டுத் திரும்பும்போது காலி வீதியில் அந்த பேக்கரி வரும். சுனில் ஆறு வருடமாக என்னை ஏற்றி இறக்கும் த்ரீவீல்காரர். அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, "மிஸ், நவத்தன்னத?" என்று கேட்பார். நிறுத்தவா என்று. நானும் இறங்கிப்போய் மூன்று ரோல்ஸ் வாங்கி, வீடு வருவதற்குள் த்ரீவீலுக்குள்ளேயே தின்று முடித்து, கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் ஒளித்து, வீட்டில் ஒன்றும் தெரியாதவளாகத் தேநீருக்கு உட்காருவேன். சுனிலைத் தவிர இது யாருக்கும் தெரியாது.

இன்று அவர் கேட்டபோது, எதற்கு நிறுத்தவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. "எப்பா," வேண்டாம் என்றேன். வண்டி கடையைத் தாண்டிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். தலைக்குள் ஏதோ குறைந்திருந்தது. நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தியது போல. அது நிற்கும்வரை அப்படி ஒரு இரைச்சல் இருந்ததே தெரியாது. அடுத்தது என்ன சாப்பிடலாம், அது எங்கே இருக்கிறது, யார் பார்ப்பார்கள், எவ்வளவு மிஞ்சியிருக்கிறது... பதினைந்து வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த கதை. இன்று இல்லை.

மற்றவர்கள் எல்லோரும் இப்படியா இருக்கிறார்கள்? இந்த அமைதியோடா?

பெப்ரவரி 9, ஞாயிறு

நான்காவது ஊசி. சந்தோசமாக இருக்கவேண்டும். கோபமாக இருக்கிறேன்.

பதினெட்டு வருடமாக உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மூளையை வெட்டுமுகமாக வரைந்து, ஹைப்போதலமஸ் என்கிற பரிவகக்கீழைக் காட்டி, பசிக்கும் தாகத்துக்கும் பொறுப்பு இதுதான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஒரு தடவையாவது அது என் தலைக்குள்ளும் இருக்கிறது என்று நினைத்தேனா? என் விசயத்தில் மட்டும் அதைக் குணம் என்றே நம்பினேன். தீனிப்பண்டாரம். அடக்கமில்லாதவள். நோன்பில்கூட வெட்கமில்லாதவள்.

ஒரு கல்யாணத்தில் ஆறு பேர் சேர்ந்து சாப்பிடும் ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்க, மாமி ஒருத்தி சொன்னாள்: "ஆதிலா ஈக்கிற சஹன்ல நான் இல்ல. எங்களுக்கு எனத்த மிஞ்சும்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், எல்லோரையும்விட உரக்க.

கிழமைக்கு ஒரு சொட்டு மருந்து அதை நிறுத்துமென்றால், அது எப்படி என் குணமாக இருந்திருக்கும்?

பெப்ரவரி 15, சனி

தெஹிவளையில் கல்யாணம். நான்கு வாய் சாப்பிட்டேன், போதும் என்று இருந்தது. கையைக் கழுவிவிட்டேன். பக்கத்திலிருந்தவள் என் கையைப் பிடித்தாள். "மாஷா அல்லாஹ், என்ன மனக்கட்டுப்பாடு! எப்பிடி செஞ்சீங்க?"

மனக்கட்டுப்பாடா? முன்பு ஒரு கட்லட்டை வேண்டாம் என்று சொல்ல என் உயிரே போகும். அப்போது யாரும் பாராட்டவில்லை. இன்று ஒரு பாடும் படவில்லை. இன்றைக்குத்தான் பாராட்டு.

பெப்ரவரி 20, வியாழன்

டொக்டர் எவ்லினிடம் அந்த அமைதியைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "இது வயித்தில வேல செய்யிற மருந்தா, மூளையிலயா?"

"ரெண்டிலயும். வயிறு மெதுவா வெறுமையாகும். மூளையில பசி, நிறைவு, ஆசை – அந்த இடங்களிலயும் இதுக்கு வேலை இருக்கு. சாப்பாட்டுச் சத்தம் நிண்டுட்டுது எண்டு கனபேர் சொல்லினம். நீங்கள் சொன்னது புதுசில்லை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "சிலபேருக்குக் குடிக்கிற ஆசையும் குறைஞ்சிருக்கு. சிகரெட்டும். ஆராய்ச்சி நடக்குது, முடிவெண்டு இன்னும் ஒண்டும் சொல்ல ஏலாது. ஆனா ஆசை எண்டது மூளையில கிட்டத்தட்ட ஒரே பாதையாலதான் போகுது, அது சாப்பாடா இருந்தாலென்ன, வேற எதுவா இருந்தாலென்ன."

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்கு நினைவில்லை. வரும் வழியெல்லாம் ஒரே பெயர்தான்.

நுஸ்கி.

எட்டு வருடத்தில் இந்தப் பெயரை இன்றுதான் எழுதுகிறேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

எழுதிவிடலாம்.

நுஸ்கி என் தம்பி. என்னைவிட எட்டு வயது இளையவன். வாப்பா மௌத்தான பிறகு கொட்டாஞ்சேனையில் கூட்டாளிகளோடு திரிந்து, குடு, அந்த ஹெரோயின் தூள், பழகினான். முதலில் பொய். பிறகு வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. உம்மாவின் தோடு போனது. மூன்று தடவை புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்பினோம், மூன்று தடவையும் திரும்பி வந்து விழுந்தான். கடைசியாக ஒரு நாள் பின்னேரம் என் வாசலில் வந்து நின்றான். கண்கள் உள்ளே போயிருந்தன. என் கையில் கிடந்த வளையலைத்தான் பார்த்தான். நான் சொன்னேன்:

"மனம் வெச்சா விடலாம். உனக்கு மனமில்ல. அவ்வளவுதான்."

கதவைச் சாத்தினேன்.

இப்போது அவன் விட்டுவிட்டான், குளிர்சாதனப் பெட்டி திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான் என்று தெரியும். உம்மா சனிக்கிழமைகளில் "கொட்டாஞ்சேனையில ஒரு சொந்தக்காரப் பொம்பள" வீட்டுக்குப் போவது அவனைப் பார்க்கத்தான். நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அந்த மூன்று ரோல்ஸை வாங்காமல் வர மனம் வைத்து மனம் வைத்து நான் தோற்றது எத்தனை ஆயிரம் தடவை? அப்படிப்பட்டவள் சொன்ன வார்த்தை அது.

மார்ச் 2, ஞாயிறு

ரமழானின் முதல் நாள், தலை நோன்பு. டொக்டர் அனுமதி தந்தார்: இந்த ஊசியோடு எனக்குச் சீனி சட்டென்று இறங்காது, ஆனால் தண்ணீரில் கவனம், தலை சுற்றினால் நோன்பை விட்டுவிடவேண்டும். ஊசியை இனி நோன்பு திறந்த பிறகு போடுகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

ஆறு நோன்பு போய்விட்டது. ஒன்றும் தெரியவில்லை. நேற்று மஃரிப் பாங்கு சொன்ன பிறகும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பர்ஹா வந்து பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துவிட்டாள்.

மற்ற வருடங்களில் பத்து மணிக்கே கடிகாரத்தோடு சண்டை தொடங்கும். அந்தச் சண்டைதான் நோன்பு என்று நினைத்திருந்தேன். பசிக்காதவள் பட்டினி கிடப்பதில் என்ன இருக்கிறது? ராசிக்கிடம் கேட்டேன்.

அவர் கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அல்லாஹ் உன்ட மனசில ஈக்கிற நிய்யத்தப் பாப்பான், வயித்தயா பாக்கப்போறான்? பசியில்லாட்டி வேற எதையாவது விடு. உனக்குக் கஷ்டமானது எதையாவது."

சும்மாதான் சொன்னார். அது எங்கே போய் விழுந்தது என்று அவருக்குத் தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

"உம்மா, நீங்க இப்ப சிரிக்கிற கொறவு." பர்ஹா சொன்னாள்.

யோசித்துப் பார்த்தால் சரிதான். பெருநாளைக்குத் துணி எடுக்கப் போனோம். முன்பென்றால் கடையையே கிளறிப்போடுவேன். அன்று முதலில் காட்டியதையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். துக்கம் ஒன்றும் இல்லை. எதுவும் இழுக்கவுமில்லை. சாப்பாட்டின் சத்தத்தோடு வேறு ஏதாவதும் அடங்கிப்போயிற்றா? அல்லது நோன்புக் களைப்பா? டொக்டரிடம் கேட்கவேண்டும்.

மார்ச் 15, சனி

உம்மா அபாயாவைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது நானும் புறப்பட்டு நின்றேன். "நீ எங்க, மகள்?" என்றார். "நீங்க போற இடத்துக்குத்தான்." உம்மா என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கொட்டாஞ்சேனை வரைக்கும் விடவில்லை.

கோவிலடியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கை. பட்டறை வாசலில் கதவில்லாத குளிர்சாதனப் பெட்டிகள் வரிசையாக நின்றன. அவன் தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தான். தாடியில் நரை. முப்பத்தெட்டு வயதுக்கு எவ்வளவு நரை!

நிமிர்ந்து பார்த்தான். எழும்பவில்லை. "உம்மா, ராத்தாவக் கூட்டி வந்தீங்களா?"

"நானாத்தான் வந்தன்," என்றேன்.

பிளாஸ்டிக் கதிரை இரண்டைத் துடைத்துப் போட்டான். நோன்பு, தேநீரும் இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. உம்மா தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கொண்டு ஒழுங்கைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நான் ஒளிச்சித் திண்டவள்டா, நுஸ்கி," என்றேன். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் அப்படித்தான் தொடங்கினேன். ரோல்ஸ், கடதாசி, கைப்பை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. ஊசியைப் பற்றிச் சொன்னேன், அந்த அமைதியைப் பற்றியும்.

"ராத்தா, அது சாப்பாடு. இது வேற."

"வேறதான். நீ பட்டதோட வெச்சிப் பாக்க ஏலா. ஆனா வேணாம் வேணாம் எண்டு செல்லிக்கொண்டேதானே உன்ட கால் நடந்து போன?"

கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தான். "அழுதழுது போயீக்கிறன்," என்றான்.

பிறகு கேட்டான்: "அந்த ஊசி இதுக்கும் சரி வருமா?"

"தெரியாதாம். பாத்துக்கொண்டு ஈக்கிறாங்களாம்."

"சும்மா கேட்டன். எனக்கு இப்ப ரெண்டு வருசம் நாலு மாசம். சத்தம் நிக்கல்ல ராத்தா. ஒவ்வொரு நாளும் கேக்கும். ஒவ்வொரு நாளும் இல்ல எண்டு செல்லுவன்."

எனக்கு ஒரு மருந்து வந்து அந்தச் சத்தத்தின் வாயை அடைத்துத் தந்ததை, இவன் ஒரு மருந்தும் இல்லாமல், அதைக் கேட்டுக்கொண்டே, எண்ணூறு நாளுக்கு மேலாகச் செய்துகொண்டிருக்கிறான். மனமில்லாதவன் என்று நான் சொன்னது இவனைத்தான்.

"அண்டைக்கு நான் கதவடைச்ச..." என்று தொடங்கினேன்.

"கதவடைச்சது சரி, ராத்தா. நான் வந்தது வளையலுக்குத்தான். நீங்க செல்லின சொல்லுதான்..."

முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. "அது பிழ, தம்பி. பிழயான சொல்லு," என்றேன். அவன் மோட்டாரைக் கையில் எடுத்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான். உம்மாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று அழவில்லை. இன்று காலை பாத்திரம் கழுவும்போது நன்றாக அழுதேன்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். நுஸ்கியைக் கூப்பிடவேண்டும் என்று ராசிக்கிடம் முந்தநாள் கேட்டேன். "எனக்கு நேரம் வேணும், ஆதிலா. உன்ட தம்பி செஞ்சதெல்லாம் என்ட கண்ணால பாத்தவன் நான். பர்ஹா ஈக்கிற வீடு." கத்தவில்லை, அமைதியாகத்தான் சொன்னார். அவர் சொன்னதும் பிழையில்லை.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நானும் உம்மாவும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். "மச்சானோட சண்ட புடிக்கவேணாம்" என்றான் நுஸ்கி.

ஏப்ரல் 20, ஞாயிறு

பாமஸியில் ஊசி இல்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, பொரளை, எங்கேயும் இல்லை. சரக்கு வரவில்லையாம். எப்போது வருமென்றும் தெரியாதாம். எடை எண்பத்தேழு. டொக்டர் குளிசையின் அளவைக் கூட்டித் தந்திருக்கிறார்.

மே 4, ஞாயிறு

சத்தம் திரும்பிவிட்டது. முதலில் தூரத்தில் பேசுவது போல. பிறகு பக்கத்து அறையில். இப்போது காதுக்குள்.

மே 8, வியாழன்

சுனில் கேட்கவில்லை. நான்தான் நிறுத்தச் சொன்னேன். மூன்று.

வீட்டு வாசலில் இறங்கியபோது கால் உள்ளே போகவில்லை. கைப்பைக்குள் அந்த எண்ணெய்க் கடதாசி. அங்கே கொட்டாஞ்சேனையில் ஒருத்தன் எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். நான் என்ன செய்கிறேன்? இன்னும் ஒளிக்கிறேனா?

ராசிக் தன் கடையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அவர் முன்னால் கடதாசியை எடுத்து வைத்தேன். "மூணு ரோல்ஸ் திண்டன். இண்டைக்கு மட்டும் இல்ல. கலியாணத்துக்கு முன்னிருந்தே இப்பிடித்தான்." இருபத்திரண்டு வருட வாழ்க்கையில் சொல்லாதது. அவர் கடதாசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கிட்டயுமா ஒளிச்ச?" என்று மட்டும் கேட்டார். கைகழுவிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

ஏன் சொன்னேன்?

மே 9, வெள்ளி

பின்னேரம் ராசிக் ஒரு பார்சலோடு வந்தார். அடுப்படியில் போய் ஒரு பீங்கானை எடுத்து, இரண்டு ரோல்ஸை வைத்து, மேசையில் என் பக்கம் தள்ளினார். மற்றொரு பீங்கானில் தனக்கும் இரண்டு.

"ஒளிச்சித் திண்டா ருசி தெரியா. உக்காந்து தின்."

ஒன்று சாப்பிட்டேன். மற்றதை உண்மையாகவே வேண்டாம் என்றிருந்தது. ஊசி இல்லாமல். இது நாளைக்கும் நடக்கும் என்று நம்பவில்லை. இன்று நடந்தது.

பிறகு அவராகவே கேட்டார்: "நுஸ்கிக்கும் இப்பிடித்தானா ஈந்திரிக்கும்?"

மே 12, திங்கள்

வெசாக். வழியெல்லாம் தன்சல், இலவசச் சாப்பாட்டுப் பந்தல்கள். சோறு, கொத்துக்கடலை, ஐஸ்கிரீம், எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தருகிறார்கள். என் தலைக்குள் இருப்பதற்கும் இன்று பெருநாள்தான்.

மே 18, ஞாயிறு

நாலு மணிக்கு நுஸ்கியின் அழைப்பு. அவன் எனக்கு எடுப்பதே இல்லை, நான்தான் எடுப்பேன்.

"ராத்தா, பழைய கூட்டாளி ஒருத்தன் பட்டறைக்கு வந்துட்டுப் போய்த்தான். நான் ஒண்டும் எடுக்கல்ல. ஆனா... கொஞ்சம் வர ஏலுமா?"

ஓடிப்போய்ச் செருப்பைத் தேடினேன். ராசிக் ஏற்கெனவே வேன் சாவியோடு வாசலில் நின்றார். "ஏறு," என்றார்.

அவன் பட்டறைக்கு வெளியே, வெயிலில், இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் வேர்வை. காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போனோம். அந்தப் புல்வெளியை எத்தனை சுற்று நடந்தோம் என்று தெரியாது. நான் கேட்டேன்: "இப்ப எனத்த செல்லுது?" அவன் சொன்னான்: "ஒருக்கா மட்டும் எண்டு செல்லுது." "எனக்கும் அதே கததான்டா. ஒண்டே ஒண்டு எண்டு செல்லும்." சிரித்துவிட்டான், அந்த வேர்வை முகத்தோடேயே. ராசிக் பத்தடி பின்னால், தேநீர்க் கோப்பை மூன்றை ஒரே கையில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

ஆறு மணியளவில் அவன் நின்றான். கடலைப் பார்த்தான். "கொறஞ்சீக்கி," என்றான்.

ராசிக் தேநீரை அவன் கையில் கொடுத்தார். "வீட்டுக்கு வா. உம்மா பாத்துக்கொண்டு ஈப்பாங்க. சாப்பிட்டுட்டு நான் கொண்டுவந்து உடுறன்."

எட்டு வருடத்துக்குப் பிறகு, என் தம்பி என் வீட்டில் சாப்பிட்டான். பர்ஹா அவனிடம், "மாமா, எங்கட பிரிட்ஜும் சத்தம் போடுது" என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

ஊசி வந்துவிட்டது. முதலில் தொடங்கிய சிறிய அளவிலிருந்தே மறுபடி. டொக்டரிடம் சிரிப்பு குறைந்ததையும் சொன்னேன். குறித்துக்கொண்டார். "அது மருந்தாலயோ வேறயாலயோ எண்டு இப்ப சொல்ல ஏலாது. திரும்ப வந்தா ஒளிக்காமச் சொல்லுங்கோ, அளவை யோசிப்பம்." ஒளிக்கமாட்டேன்.

எனக்கு இந்த மருந்து வேண்டும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அது இல்லாத ஏழு கிழமையும் நான் கெட்டவளாக இருக்கவில்லை. பசித்தவளாக இருந்தேன், அவ்வளவுதான்.

ஜூன் 26, வியாழன்

பாடசாலை விட்டு வரும்போது காலி வீதியில் ராசிக்கின் மின்சாரச் சாமான் கடைக்குள் எட்டிப்பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் நுஸ்கி உட்கார்ந்திருந்தான். எழும்பப் பார்த்தான்.

"மச்சான் எங்க?"

"கல்லாவப் பாத்துக்கொள்ளச் செல்லிட்டுப் புறக்கோட்டைக்குப் போய்த்தாரு. வர பின்னேரமாகுமாம்."

"கடையில வேற யாரு?"

"ஒருத்தரும் இல்ல, ராத்தா."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் என்ன சொல்வேனோ என்று. அதற்குள் ஒரு மனுசன் வந்து, ஒன்பது வாட்ஸ் பல்ப் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். நுஸ்கி திரும்பி மேல் தட்டில் தேடத் தொடங்கினான்.

கல்லாவை அவனிடமே விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன்.